கண்ணாடிக்குள் ஒரு செங்கல்

"அதிகாரி கால்ல விழுந்தாவது அந்தச் செங்கல வாங்கிடறேன்" என்று படகில் ஏறும்போதே மனைவியிடம் சொல்லியிருந்தார் கொத்தனார்.

ஒரே ஒரு செங்கல். இவ்வளவு பெரிய தீவில், இடிந்து கிடக்கும் இத்தனை சுவர்களில், ஒன்றைப் பெயர்த்துக் கொடுத்தால் யார் குடி முழுகிப்போகும்?

ஆற்று நடுவே இருந்த அந்தப் பழைய நகரத்தின் மதில் சரிந்தபோது, அதை எடுத்துக் கட்ட ஆள் கூட்டி வந்தார்கள். அவரும் குடும்பத்தோடு வந்து இங்கேயே குடிசை போட்டுத் தங்கினார். அதே மண், அதே அளவு, அதே மாதிரி விறகுச் சூளை. எது பழசு, எது புதுசு என்று எவனாலும் சொல்ல முடியாது. அப்படி ஒரு வேலை.

அந்தச் செங்கலை அன்றைக்கே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். தெம்பில்லை. மதிலோடு மதிலாக வைத்துக் கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். பிறகு தீவைப் பூட்டிவிட்டார்கள். இப்போதுதான் மறுபடி ஆட்களை விடுகிறார்கள்.

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதற்கு மட்டும் கண்ணாடி போட்டு, விளக்கு வேறு வைத்திருந்தார்கள். சுற்றி ஒரே கூட்டம்.

செங்கலில் ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் நன்றாக விரிந்து.

சுற்றிக் காட்டும் இளைஞன் பேச்சுக்காரன். இரண்டாயிரம் வருடத்துக் கை என்றான். காயப்போட்ட செங்கலில் கையை வைத்திருக்கிறதே, சொன்ன பேச்சு கேட்காத வாலு என்றான். கூட்டம் சிரித்தது.

கொத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாயிரமாம்! வாய் கூசாமல் புளுகுகிறானே! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அந்தப் புள்ள அப்புறம் என்ன ஆயிருக்கும் தம்பி?"

இதுவரை யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்தான்.

"வேற என்னம்மா? வளந்து, கல்யாணம் கட்டி, புள்ளகுட்டியோட நல்லா வாழ்ந்திருக்கும்."

நல்லா வாழ்ந்திருக்கும் என்று அவள் முணுமுணுத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

"ஐயா ஏதோ கேக்க வந்தீங்களே?" என்றான் இளைஞன்.

"ஒண்ணுமில்லப்பா."

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தார். ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஆறுதான், அந்தச் செங்கல் காய்வதற்குள் அவர்கள் மகளைக் கொண்டுபோனது. உடம்பைக்கூடத் திருப்பித் தரவில்லை.