வடியாத கண்

ஆடை ஆலையின் நீராவி இஸ்திரிப் பிரிவில் மூக்குக்கண்ணாடி போட்டால் ஆவி படிந்து எதுவும் தெரியாது. அதனால் அவள் கான்டாக்ட் லென்ஸ் போட்டுத்தான் வேலை செய்தாள். ஆறாம் மாதத்தில் லென்ஸ் இரண்டு கண்ணிலும் உட்கார மறுத்தது.

"வயித்துல பிள்ளை இருந்தா கருவிழி கொஞ்சம் வீங்கும்மா. பிரசவமானா தானா வடிஞ்சிடும்," என்றார் கண் டாக்டர்.

சூப்பர்வைசர் அவளை அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பினார். "பெத்துட்டு வாம்மா. உன் மேசை எங்க ஓடிடப் போகுது?"

பெற்றாள். வலது கண் வடிந்தது. இடது கண் மட்டும் இன்னும் தடித்துக்கொண்டே போனது. மேசைக்கு வேறு ஆள் போடப்போவதாகச் சூப்பர்வைசர் சொல்லியனுப்பினார். கைப்பிள்ளையோடு டாக்டரிடம் ஓடினாள்.

அவர் மெஷினில் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, "பிரசவமாகட்டும்மா," என்றார்.

"என்ன டாக்டர், விளையாடுறீங்களா? மடியில இருக்கறது பக்கத்து வீட்டுப் பிள்ளையா?"

அவர் சிரிக்கவில்லை. மறுபடி குனிந்து பார்த்தார்.

"வலது கண்ணுக்கு ஆயிடுச்சு. இதுக்கு இன்னும் ஆகலை."

பிள்ளை வீறிட்டு அழுதது. அவள் கண்களை மூடிக்கொண்டு அதைத் தோளில் போட்டாள். அதன் கை அவளுடைய இடது இமைமேல் பட்டது. வயிற்றில் மாதக்கணக்கில் வாங்கிப் பழகிய அதே உதை, இமைக்குள்ளிருந்து அந்த உள்ளங்கையில் விழுந்தது.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, கையை எடுக்காமல் காத்திருந்தது.