முன்வரிசைத் தொழுகை

முழங்கை வரை மூன்றாவது முறையாகத் தேய்த்துக் கழுவினான் ரவிசந்திரன். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“இவ்வளவு நேரமா என்ன கழுவறீங்க?” வெளியிலிருந்து மனைவி லலிதா. “சொசைட்டி டேங்க்ல தண்ணி இல்ல. பைப்பை மூடுங்க.”

“கிரீஸுடி. ஃபேக்டரியில பட்டது, போக மாட்டேங்குது.”

கையில் கிரீஸும் இல்லை, ரத்தமும் இல்லை. தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவைப் பழகிக்கொண்டிருந்தான். நாளை கேம்ப் பகுதிப் பள்ளிவாசலில் இமாம் ஹஜ்ரத் செய்துகாட்டச் சொல்வார்.

சிஞ்ச்வட் உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசராக இருக்கும் ரவிசந்திரன் ஆண்டவனைத் தேடவில்லை. அவன் தேடியது டெலிபோன் ஆபரேட்டர் ரோஹிணியை. “கல்யாணம் பண்ணாம கிட்ட வராதீங்க” என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

சரி, லலிதாவை விட்டுவிடலாமே? அவளே இரண்டு வருஷத்துக்கு முன் விவாகரத்து கேட்டு கோர்ட்டுக்குப் போனவள்தான். இவன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து, “ஏழு ஜென்மத்துக்கும் இவதான் சார்” என்று கூண்டில் கண்ணீர் விட்டான். தகுந்த காரணம் இல்லை என்று மனு தள்ளுபடி ஆயிற்று. ஃப்ளாட் லலிதாவின் பேரில் இருந்தது. மாதம் பிறந்தால் அவளுடைய பாங்க் சம்பளம் வந்தது. யாராவது விடுவார்களா?

அப்போதுதான் கேன்டீனில் எவனோ யோசனை சொன்னான். மதம் மாறினால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

ஹஜ்ரத் வாணியம்பாடிக்காரர். முதல் நாளே ரவிசந்திரன் கேட்டான், “எத்தனை கல்யாணம் பண்ணிக்கலாம் பாய்?”

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “எத்தனை வேளை தொழணும்னு கேளு தம்பி. வீட்டுக்கு வாசல் இருக்க, நீ பின்பக்கச் சுவர் ஏறி வர்றே.”

“இல்ல பாய், மனசார வரேன்.”

“மனசைப் பார்க்கிறது என் வேலை இல்ல, அல்லாஹ் பார்த்துக்குவான். கலிமா சொல்லு. ரமலான் முப்பது நோன்பும் பிடி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்வரிசையில நில்லு, ஜமாஅத்தே பார்க்கட்டும். அதுக்கப்புறம் மதம் மாறினதா எழுதித் தர்றேன்.”

கலிமா என்ற அந்த உறுதிமொழியைத் தமிழ் எழுத்தில் எழுதி பஸ் பாஸுக்குப் பின்னால் வைத்து உருப்போட்டான். சொத்தெல்லாம் பெண்டாட்டி பேரில் இருப்பதால் ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டிய ஜகாத் தனக்குக் கிடையாது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். ஹஜ்ஜை ரிட்டயர்மென்ட்டுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம். கோடிப் பேர் உயிராக மதிக்கும் ஐந்து கடமைகளும் இந்த மனிதனுக்கு ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் ஐந்து கட்டங்கள்.

தொண்ணூற்று நாலில் ரம்ஜான் பிப்ரவரியில் வந்தது. “அசிடிட்டி. டாக்டர் விடியறதுக்கு முன்னாடி சாப்பிடச் சொல்லிட்டார், பகல்ல பட்டினி” என்று வீட்டில் அளந்தான். லலிதா தலையாட்டினாள். முப்பது நாளும் விடியுமுன் எழுந்து சூடாகச் சப்பாத்தி போட்டாள். ஒருநாள் பேரீச்சம்பழம்கூட வாங்கி வைத்திருந்தாள்.

அவளை மக்கு என்று நினைத்துக்கொண்டு, மத்தியானம் கம்பெனி கக்கூஸில் கதவைச் சாத்தி பிஸ்கட் தின்றான் அந்த நோன்பாளி.

பெருநாள் முடிந்த வாரம் ஹஜ்ரத்தின் சான்றிதழ் கைக்கு வந்தது. ரோஹிணியும் கலிமா சொன்னாள். பம்பாயில் ஒரு காஜியிடம் நிக்காஹ். அன்று மாலையே பேடா டப்பாவோடு வீட்டுக்கு வந்து, சான்றிதழை டைனிங் டேபிளில் வீசினான்.

“என் பேரு இப்ப ரஷீத். ரோஹிணி இப்ப மும்தாஜ், என் சம்சாரம். எங்க மதத்துல நாலு வரைக்கும் உண்டு, யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. உன்னைத் தள்ளி வைக்கலடி, பயப்படாதே. வழக்கம்போல சமை, பாங்க்குக்குப் போ. அவ அந்த ரூம்ல இருந்துப்பா.”

லலிதா அழவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை எடுத்து, திருப்பித் திருப்பிப் படித்தாள்.

“முப்பது நோன்பும் பிடிச்சீங்களா?”

“ஒண்ணு விடல.”

“ஜும்ஆ?”

“முன்வரிசை! நூறு பேர் பார்த்திருக்கான். சந்தேகமா இருந்தா போய்க் கேளு.”

“கேட்டாச்சு. உங்க பஸ் பாஸ் பின்னால இருந்த கலிமாவைப் பார்த்ததுமே புரிஞ்சுது. ஹஜ்ரத்தும் இன்னும் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க.”

ரவிசந்திரனின் வாயில் பேடா பாதியில் நின்றது. “எதுக்கு?”

“இந்துக் கல்யாணத்துல ஒருத்தர் மதம் மாறிட்டா இன்னொருத்தருக்கு விவாகரத்து கேக்க வேற காரணமே வேண்டாமாம். வக்கீல் பாமா சொன்னாங்க. ரெண்டு வருஷமா அந்த ஒரு காரணத்தைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். நாளைக்கு மனு போடறோம்.”

ஃப்ளாட், சம்பளம், சப்பாத்தி எல்லாம் ஒரே நொடியில் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

“ஏய்... அதெல்லாம் சும்மாடி! பேருக்குச் சொன்னது. சத்தியமா மனசுல நான் இந்துதான்!”

“அப்படியா? இந்துவா இருந்துக்கிட்டு இன்னிக்கு ரெண்டாவது கல்யாணம் பண்ணியிருக்கீங்க. அதுக்கு ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில்.”

சான்றிதழை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டாள் லலிதா.

“எது வசதி?”