தைவாவுக்காகச் சொன்னது

"அக்கா, உள்ளுக்கை போய் தேவையில்லாததைக் கதைக்காதேங்கோ," என்றான் மேற்பார்வையாளன் யேசுரட்ணம்.

லூர்து கதவைத் திறந்தாள்.

உள்ளே தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி நோரா இருந்தாள். மேசையின் மறுபக்கம் தைவா, தலையைக் குனிந்து இருமிக்கொண்டிருந்தாள்.

ஒஸ்லோவின் அந்த நீச்சல் மண்டபத்தை இருவரும் ஆறு வருடங்களாகச் சேர்ந்து கழுவுகிறார்கள். ஒரே வாளி, ஒரே அமிலம், நெஞ்சை எரிக்கும் ஒரே புகை.

லூர்து நிரந்தரப் பணியாளர். அவளுக்கு முகமூடி உண்டு, வருடத்துக்கு ஒரு நுரையீரல் சோதனையும் உண்டு. லித்துவேனியாவிலிருந்து வந்த தைவாவுக்கு, அழைத்தால்தான் வேலை. இருமினால் அழைக்க மாட்டார்கள். முகமூடி கேட்டாலும் அழைக்க மாட்டார்கள்.

தைவாவின் அப்பா வேலை செய்த ஆலை, சோவியத் ஆட்சி போனபோது தனியாருக்கு விலைபோனது. வாங்கியவர் எண்பது வயதிலும் காலையில் ஓடுகிறாராம். வேலை இழந்த அப்பா ஐம்பத்திரண்டு வயதில் இறந்துவிட்டார். போன வாரம் பஸ்ஸில் தைவா இதைச் சொல்லிவிட்டு, முகமூடி தராததைப் பற்றி அதிகாரியிடம் தனக்காகச் சாட்சி சொல்வாயா என்று லூர்துவின் கையைப் பிடித்துக் கேட்டாள்.

லூர்து வாக்குக் கொடுத்தாள்.

எல்லோருக்கும் முகமூடி கொடுத்தார்களா என்று நோரா கேட்டாள்.

லூர்து ஒருமுறை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். தைவாவுக்கு ஒருநாளும் கொடுக்கவில்லை. தன்னுடையதையே இருவரும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். மூச்சு முட்டித் தைவா படியில் உட்கார்ந்த நாளைத் தேதியோடு சொன்னாள்.

நோரா எழுதுவதை நிறுத்தினாள். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து லூர்துவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

வேலைக்கு வந்த முதல் நாளே முகமூடி கிடைத்தது என்று அதில் இருந்தது. கீழே தைவாவின் கையெழுத்து. நேற்றைய தேதி.

தைவா நிமிரவே இல்லை.

வெளியே வந்ததும் லூர்து அவளை மறித்தாள். கோபத்தில் நோர்வேஜிய மொழி வாயில் வரவில்லை. "ஏனடி அப்பிடிச் செய்தனி?" என்று தமிழிலேயே கத்தினாள்.

சொற்கள் புரியாவிட்டாலும் தைவாவுக்குக் கேள்வி விளங்கியது. தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னாள்:

"நீ நோயில் படுத்தாலும் உனக்குச் சம்பளம் வரும். நேற்றிலிருந்து எனக்கும் வரும். என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள்."

மறுநாள் காலை தைவா வரவில்லை. ஆறு வருடத்தில் அவள் எடுத்த முதல் நோய் விடுப்பு.

அவளுடைய பக்கத்தையும் லூர்துதான் கழுவினாள்.