நடக்க நேரமில்லாத பூனை

செங்கமலம் என்ற கொழுத்த பூனையை ஒருநாள் நாய் துரத்தியது. மூச்சிரைக்க ஓடி, வேலிக்குள் நுழைந்து எப்படியோ தப்பினாள்.

"தினமும் தோட்டத்தைச் சுத்தி நட. இல்லன்னா அடுத்த தடவை பிழைக்க மாட்டே," என்றாள் தோழி மைனா.

செங்கமலம் நடந்து பார்த்தாள். பாதிச் சுற்றிலேயே அலுத்துப்போய்ப் படுத்துவிடுவாள்.

பங்குனி வந்தது. புங்கமரம் பூத்து, காற்றடிக்கும்போதெல்லாம் பூக்களைப் பொரிபொரியாய் உதிர்த்தது. மூக்கில் விழுந்த பூவைச் செங்கமலம் தட்டிவிட்டாள். அடுத்ததைத் தாவிப் பிடித்தாள். பிறகு தோட்டம் முழுக்கப் பூக்களைத் துரத்துவதே தினசரி வேலையானது.

ஒரு மாலை நாய் மறுபடி பாய்ந்து வந்தது. ஒரே தாவலில் அவள் மரக்கிளையில் இருந்தாள்.

மைனா பூரித்துப்போனாள். "ஒழுங்கா நடக்கறே போலிருக்கே."

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். "கோவிச்சுக்காதே. பூ உதிர ஆரம்பிச்சதிலிருந்து நடக்க நேரமே கிடைக்கல."