பன்னிரண்டாவது வில்லை

காலை எட்டு மணிக்கு, கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்த சுகுணா, முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

ஓசூரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இது ஆறாவது வருடம். மாடி வார்டில் காய்ச்சலோடு கிடக்கும் கோவிந்தனின் ரத்தத்தில் கிருமி வளர்வது இந்த வருடத்தில் மூன்றாவது முறை.

முதல் இரண்டு முறையும், காய்ச்சல் விட்டதுதான் தாமதம், மாமரத்தில் பூ உதிர்கிறதென்று மனுஷன் ஊசியைப் பாதியில் விட்டு, தன் ஊர் வேப்பனப்பள்ளிக்கு பஸ் ஏறிவிட்டார். மறுபடி உடம்பு சுட்டபோது மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரை. கிருமி ஒவ்வொரு மருந்துக்காகப் பழகிக்கொண்டே வந்தது.

தட்டில் பன்னிரண்டு மருந்து வில்லைகள். எது கிருமியைக் கொல்கிறதோ அதைச் சுற்றி ஒரு வெற்று வட்டம் விழும்.

பதினொரு வில்லைகளை உரசிக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் கிருமி படர்ந்திருந்தது.

பன்னிரண்டாவதைச் சுற்றி வட்டம்! பெரிய, சுத்தமான வட்டம்.

ஸ்கேல் வைத்து இரண்டு முறை அளந்தாள். டாக்டருக்கு போன் போட்டாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது.

ஆனாலும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். போன இரண்டு தடவையும் அவள் ஏறவில்லை.

“ரிப்போர்ட் தானா மேல போவும். நீ எதுக்கு ஓடற?” என்று பின்னாலிருந்து கத்தினான் கூட வேலை பார்க்கும் ராஜ்குமார்.

வார்டில் கோவிந்தன், நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலிலும், இட்லி வேண்டாம் களி வேண்டுமென்று நர்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சுகுணா கட்டில் பக்கத்தில் போய் நின்றாள்.

“இன்னிக்கே ஊசி மாத்துவாங்க. பதினாலு நாளு போட்டுக்கணும். நடுவுல ஓடிட்டா, அப்புறம் குடுக்க மருந்தே இல்ல.”

குரலைக் கேட்டதும் அவர் களியை மறந்தார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படுத்து, நர்ஸிடம் கையை நீட்டினார்.

“பதினாலு நாளும் இங்கியே கெடக்கறேன்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, “சாப்புட்டியா பாப்பா?”

பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டை விட்டு வந்த ஒன்பது வருடத்தில், அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

சுகுணா மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

“இன்னும் இல்லப்பா.”