மூன்று தடவை தள்ளிப்போன சனிக்கிழமை

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே, ஆற்றங்கரை வாழைத்தோப்பின் ஓரமாக வாடகைக் கேரவன் நிற்கிறது. ‘வேலைக்குப் போகும் பெற்றோரே, வார இறுதிக் கவலைகளை எங்களிடம் விடுங்கள்’ என்று அதன் முதுகில் எழுதியிருக்கிறது. கவலை என்னவோ இன்னும் பெருமாள்ராஜிடம்தான் இருக்கிறது. மூன்று தடவை தள்ளிப்போன பயணம் இது. ஆற்றில் இறங்க மகளுக்கு நீச்சல் வளையம் வேண்டும். அதற்குக் காற்றடிக்கும் மின்சாரப் பம்ப் ஓடவில்லை. வந்து இறங்கியதுமே மனைவி பொன்செல்வி வண்டிக்குள் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். பாதி அரைபட்ட உளுந்தோடு பேட்டரியும் படுத்துவிட்டது. கங்கைகொண்டான் தொழிற்சாலையில் நூறு பேரை மேய்க்கும் மேனேஜர் இப்போது கன்னம் புடைக்க, கண் பிதுங்க, வளையத்தை வாயால் ஊதுகிறான். “பைய ஊதுங்க, மயங்கி விழுந்துறாதிய,” என்கிறாள் பொன்செல்வி, முழங்கைவரை மாவோடு. அவன் வாயை எடுக்கிறான். “ஒருநா இட்லி இல்லன்னா செத்தா போவோம்?” “திங்கக்கிழமைக்கும் சேத்துல்லா போட்டேன். அன்னைக்கு நீங்களா அரைப்பிய?” அவன் மறுபடி ஊதுகிறான். ஆற்றின் மேல் வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. ஆறு வயது பிரியதர்ஷினி நீச்சல் உடையில், வளையம் புடைப்பதை விரலால் அமுக்கிப் பார்த்தபடி நிற்கிறாள். அது விறைத்து நிற்கிற நேரத்தில் அவன் சட்டைப்பையில் போன் அடிக்கிறது. தொழிற்சாலை. பயணம் தள்ளிப்போன மூன்று தடவையும் அடித்தது இதே எண்தான். எடுக்கக் கூடாது என்று பல்லைக் கடிக்கிறான். போன் விடாமல் அடிக்கிறது. பிரியதர்ஷினி வளையத்தை வாங்கி, மூடியைப் பிடுங்கி, மடியில் வைத்து அமுக்குகிறாள். காற்று சீறிக்கொண்டு இறங்குகிறது.

“ஏட்டி, என்ன செய்யுத? அப்பா இன்னும் போனை எடுக்கவேயில்லையே!”

“பரவால்லப்பா, நீங்க பேசுங்க. நான் வளையத்த மடிச்சு வச்சிருதேன்.”