எடைப் பதிவு

பெண்களின் பேறுகால ஆய்வுக்காக மாதம் ஒருமுறை கட்டுமாவடிக்குப் போகிறேன். அங்கே நான் பார்க்கும் பெண்களில் ஒருத்தியான பவுசியாவுக்கு ஏழு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். மூன்றாவது, போன வருடம் ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. டேப்லெட்டில் அப்படித்தான் பதிந்தேன். இரு பிள்ளைகளையும் எடை பார்த்து எழுதினேன்.

மறுமாதம் திறந்தால், கலைந்த கருவுக்கு நேரேயும் ஓர் எடை இருந்தது. மூன்று கிலோ. அழித்தேன். அடுத்த மாதம் நாலு கிலோ.

"நீங்கதான் கைதவறிப் போட்டிருப்பீங்க. கரெக்ட் பண்ணிருங்க," என்றார் ஆபீசில் குணசேகரன் சார்.

மாதாமாதம் அழித்தேன். மாதாமாதம் கூடியிருந்தது. பவுசியாவிடம் மட்டும் இதைச் சொல்லவே இல்லை.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் திறந்து பார்த்தேன். முதல் தடவையாக அரைக் கிலோ குறைந்திருந்தது. ஏனோ அழிக்கக் கை வரவில்லை. வேகமாக நடந்தேன்.

இரண்டு பிள்ளைகளும் வாசலில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பவுசியா கண் சிவந்து வெளியே வந்தாள்.

"மூணு நாளாக் காய்ச்சல்க்கா. பாலே குடிக்க மாட்டேங்குது," என்றாள். "எவ்வளவு கொறஞ்சிருக்கு?"